ஸ்லீப்பில் போட்ட சிஸ்டம் எழுந்திரிக்க மாட்டேங்குது, சுவரில் சுவிட்சை அணைத்துப் போட்டால்தான் வருது

அனுப்பர்பாளையம் பஞ்சிங் (செவ்வாய், இரவு 11.40)

எல்லாருக்கும் வணக்கமுங்க. திருப்பூரில் வீட்டில் இருந்தபடியே எம்பிராய்டரி பஞ்சிங் செய்து கொடுக்கிறேன். கம்பெனியிலிருந்து லோகோ வாட்ஸ்அப்பில் வரும், அதைத் தையல் ஃபைலாக்கி எம்பிராய்டரி யூனிட்டுக்கு அனுப்ப வேண்டும், ராத்திரி பத்து மணிக்கு வந்தாலும் காலை ஷிஃப்ட் தொடங்குவதற்குள் போய்ச் சேர்ந்தாக வேண்டும். அதனால் சிஸ்டத்தை ஷட்டவுன் செய்கிற பழக்கமே எனக்குக் கிடையாது. ஏழெட்டு டிசைன் திறந்தபடி இருக்கும், அப்படியே ஸ்லீப்பில் போட்டுவிட்டுப் படுத்து, விடியக்காலம் ஐந்து மணிக்கு ஸ்பேஸ் பாரைத் தட்டினால் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். வாங்கிய நாளிலிருந்து இப்படித்தான் ஓடிக்கொண்டிருந்தது.

இப்போது இரண்டு மாதமாக ஒரே ரோதனை. காலையில் கீயைத் தட்டினால் ஃபேன் சுற்றுகிறது, முன்பக்கம் லைட் எரிகிறது, மானிட்டர் மட்டும் கருப்பாகவே கிடக்கிறது. நம்லாக் அமுக்கினால் கீபோர்டு லைட் மாறுவதில்லை. பவர் பட்டனை அமுக்கிப் பிடித்து அணைத்துவிட்டுத் திரும்பப் போட்டால் மறுபடியும் ஃபேன் மட்டும்தான், பயாஸ் திரைகூட (விண்டோஸுக்கு முன்னால் முதலில் வருமே, அது) வராது. சுவரில் சுவிட்சை அணைத்துவிட்டு, ஒரு காபி வைத்துக் குடித்துவிட்டு வந்து போட்டால் ஒன்றுமே நடக்காத மாதிரி வந்துவிடுகிறது. அப்படி வரும்போது சில நாள் ராத்திரி திறந்து வைத்த டிசைன் எல்லாம் அப்படியே இருக்கிறது, சில நாள் எல்லாம் போய்விடுகிறது. தினமும் இப்படி ஆவதும் இல்லை, வாரத்தில் மூன்று நாள், சில வாரம் நான்கு நாள்.

2019-ல் கோயம்புத்தூரில் அசெம்பிள் செய்தது. ஐ5 ஒன்பதாம் தலைமுறை, எச்310 போர்டு, 8 ஜிபி ராம் இரண்டு, 240 ஜிபி எஸ்எஸ்டி, 1 டிபி ஹார்டு டிஸ்க், ஒரு சின்ன கிராஃபிக்ஸ் கார்டு, 450 வாட் எஸ்எம்பிஎஸ் (சிபியுவுக்குள் கரண்ட் கொடுக்கிற பெட்டி), விண்டோஸ் 10. இங்கே ஒரு சர்வீஸ் கடையில் கொடுத்தேன், இரண்டு தடவை ஃபார்மேட் போட்டார்கள், இரண்டு தடவையும் நான்கு நாளில் அதே கதை. மூன்றாவது தடவை போனதற்கு "போர்டு போச்சுங்க, மாத்தீரலாம்" என்கிறார்கள். போர்டு போயிருந்தால் பகலெல்லாம் பத்து மணி நேரம் எப்படி நிற்காமல் ஓடுகிறது? வேலை பார்க்கிற சிஸ்டம், பஞ்சிங் சாஃப்ட்வேரைத் திரும்ப ஏற்றி லைசன்ஸ் போடவே அரை நாள் போகிறது. தெரிந்தவர்கள் கொஞ்சம் வழி சொல்லுங்க.

கருங்கல்பாளையத்தான் (செவ்வாய், இரவு 11.58)

ராமைக் கழற்றி, அந்தத் தங்க நிறக் காலை ரப்பர் போட்டு நன்றாகத் தேய்த்து மாட்டுங்க அக்கா. நூறில் எண்பது சிஸ்டம் அதில் சரியாகும். திருப்பூர் பஞ்சுத் தூசி வேறு. அப்படியே போர்டில் இருக்கிற பட்டன் பேட்டரியையும் மாற்றிவிடுங்க, நாற்பது ஐம்பது ரூபாய்தான் ஆகும்.

அனுப்பர்பாளையம் பஞ்சிங் (புதன், காலை 6.10)

ரப்பர் வைத்தியம் போன மாதமே பார்த்தாச்சுங்க அண்ணா. ராமை ஒவ்வொன்றாகத் தனியாகப் போட்டும் பார்த்தார்கள், ஸ்லாட் மாற்றியும் பார்த்தார்கள். பேட்டரியும் புதுசு. நேற்றுக் காலையிலும் வரவில்லை, காபி குடித்துவிட்டுத்தான் வேலையை ஆரம்பித்தேன்.

பெருந்துறை சிஸ்டம் (புதன், காலை 9.35)

முதலில் ஒன்று, இன்னொரு தடவை ஃபார்மேட் போட யாருக்கும் விடாதீர்கள். பயாஸ் திரையே வரவில்லை என்று நீங்கள் எழுதியிருக்கிறீர்கள். பயாஸ் வருவதற்கு முன்னால் விண்டோஸுக்கு அங்கே வேலையே இல்லை, அது எஸ்எஸ்டியில் படுத்துக் கிடக்கிறது. ஸ்லீப்பிலிருந்து எழும்போது கருப்பாக இருப்பதற்கு டிரைவர் காரணமாக இருக்கலாம், அது சகஜம், குறிப்பாக கிராஃபிக்ஸ் டிரைவர். ஆனால் அமுக்கிப் பிடித்து அணைத்துத் திரும்பப் போட்ட பிறகும் கருப்பு என்றால் அது டிரைவர் சமாச்சாரம் இல்லை.

டிசைன் சில நாள் இருப்பதும் சில நாள் போவதும் ஏன் என்பதற்கு மட்டும் என்னிடம் பதில் இருக்கிறது. டெஸ்க்டாப்பில் ஹைப்ரிட் ஸ்லீப் என்று ஒன்று ஆன் ஆகியிருக்கும். ஸ்லீப்பில் போகும்போது ராமில் இருப்பதை ராமிலும் வைத்துக்கொள்ளும், ஒரு நகலை டிஸ்க்கிலும் எழுதி வைக்கும். ராமில் இருந்தது அழிந்துபோனால் டிஸ்க்கிலிருந்து எடுத்துக் கொடுக்கும். உங்களுக்கு டிசைன் திரும்பக் கிடைத்த நாளெல்லாம் அந்த நகலால் கிடைத்தது. கிடைக்காத நாளில் நகலைப் படிக்கும்போது ஏதோ இடறியிருக்கிறது. ராமில் இருப்பது ராத்திரியிலேயே அழிகிறதா என்பதை மட்டும் இதை வைத்து உறுதியாகச் சொல்ல முடியாது, சுவர் சுவிட்சை அணைத்தாலும் அது அழிந்துவிடும்.

சந்தேகம் தீர ஒரு வேலை செய்யுங்கள். விண்டோஸுக்குப் பதிலாக ஓடுகிற உபுண்டுவை ஒரு பென்டிரைவில் ஏற்றி, இன்ஸ்டால் செய்யாமல் அதிலிருந்தே சிஸ்டத்தை ஓட்டி, அதில் ஸ்லீப் போட்டு ராத்திரி விட்டுவிடுங்கள். அதிலும் காலையில் இதே கதை என்றால் விண்டோஸ் மீது பழி போட முடியாது. விண்டோஸ் தனக்கு நடந்ததையெல்லாம் குறித்து வைக்கிற ஈவென்ட் வியூவரைத் திறந்தால் கெர்னல்-பவர் 41 என்று சிவப்பாக வரிசை கட்டி நிற்கும், அதைப் பார்த்துப் பயந்துவிட வேண்டாம். "ஒழுங்காக ஷட்டவுன் ஆகாமல் திரும்ப ஆன் ஆனேன்" என்பதைத் தவிர அதில் வேறு சேதி இல்லை, பட்டனை அமுக்கிப் பிடித்தது நீங்கள்தானே.

சொல்ல மறந்தது: விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14-உடன் சப்போர்ட் முடிந்தது. உங்கள் புராசசர் 11-க்குத் தகுதியானதுதான், இந்தத் தலைவலி தீர்ந்த பிறகு மாறிக்கொள்ளுங்கள். இப்போது வேண்டாம், இரண்டு பிரச்சினை ஒன்றாகக் கலந்துவிடும்.

சோமனூர் தறி (புதன், காலை 10.20)

எனக்கும் இதே பிரச்சினைதாங்க. ஸ்லீப்பிலிருந்து எழுப்பினால் ரீஸ்டார்ட் ஆகி, பூட் டிவைஸ் இல்லை என்று வெள்ளை எழுத்தில் வருகிறது. பயாஸில் போய்ப் பார்த்தால் எஸ்எஸ்டியே காணோம். ஆஃப் செய்து போட்டால் வந்துவிடுகிறது. வழி தெரிந்தால் எனக்கும் சொல்லுங்க.

பெருந்துறை சிஸ்டம் (புதன், காலை 10.31)

உங்களுடையது இதே பிரச்சினை இல்லைங்க. அவர்களுக்கு பயாஸே வருவதில்லை, உங்களுக்கு பயாஸ் வந்து டிஸ்க் மட்டும் காணாமல் போகிறது. இரண்டும் வேறு வேறு சீக்கு. முதல் வேலையாக எஸ்எஸ்டியில் இருப்பதை வேறிடத்தில் நகல் எடுங்கள். அப்புறம் எஸ்எஸ்டியை போர்டோடு இணைக்கிற சாட்டா வயரை மாற்றிப் பாருங்கள், வேறு போர்ட்டில் செருகிப் பாருங்கள், எஸ்எஸ்டி கம்பெனியின் சாஃப்ட்வேரில் புது ஃபர்ம்வேர் இருக்கிறதா என்று பாருங்கள். பவர் ஆப்ஷனில் ஹார்டு டிஸ்க்கை இத்தனை நிமிடத்தில் அணை என்று இருப்பதை நெவர் ஆக்கிவிடுங்கள். தனித் திரி போட்டால் இரண்டு பேருக்கும் குழப்பம் இருக்காது.

கணபதி சர்க்யூட் (புதன், இரவு 8.15)

அம்மிணி, நான் கோவையில் இருபத்திரண்டு வருசமாக யுபிஎஸ், வெல்டிங் மெஷின், தறி டிரைவ் என்று கார்டு சர்வீஸ் பார்க்கிறவன், கம்ப்யூட்டர் ஆள் இல்லை. ஆனால் நீங்கள் எழுதியதைப் படித்ததும் எனக்கு போர்டு நினைவுக்கு வரவில்லை, எஸ்எம்பிஎஸ்தான் வந்தது. அதிலும் ஒரு மூலை மட்டும்.

ஸ்லீப் என்றால் என்ன நடக்கிறது என்று பாருங்கள். புராசசர் நின்றுவிடுகிறது, டிஸ்க் நின்றுவிடுகிறது, எஸ்எம்பிஎஸ்ஸின் பெரிய பாதி, அதாவது 12 வோல்ட், 5 வோல்ட், 3.3 வோல்ட் கொடுக்கிற பகுதி முழுக்க அணைந்துவிடுகிறது, அதன் ஃபேனும் நின்றுவிடுகிறது. உள்ளே ஒரு சின்ன சர்க்யூட் மட்டும் விழித்திருக்கும், அதற்கு 5 வோல்ட் ஸ்டாண்ட்பை என்று பெயர். ஊதா நிற வயர் ஒன்று போர்டுக்குப் போகிறது பாருங்கள், அதில்தான் வருகிறது. ராமில் இருப்பது ராத்திரி முழுக்க அழியாமல் இருப்பது அந்த ஒற்றை வயரின் தயவில். ராம் என்பது ஓட்டைக் குடம், கரண்ட் ஊற்றிக்கொண்டே இருந்தால்தான் நிற்கும். கீபோர்டைத் தட்டினால் எழ வேண்டும் என்று கீபோர்டுக்குக் காவல் கரண்ட் கொடுப்பதும் அதே வயர்தான். பட்டன் பேட்டரிக்கு இதில் வேலை இல்லை, அது சுவர்க் கரண்ட் இல்லாதபோது கடிகாரத்தையும் பயாஸ் செட்டிங்கையும் காப்பாற்ற மட்டும்தான், உங்கள் கடிகாரம் சரியாக ஓடினால் அதை விட்டுவிடுங்கள்.

இந்த ஸ்டாண்ட்பை சர்க்யூட்டுக்கு ஓய்வே கிடையாது. சுவரில் சுவிட்ச் ஆனில் இருக்கும்வரை, சிஸ்டம் ஓடினாலும் தூங்கினாலும் ஷட்டவுனில் இருந்தாலும் அது ஓடிக்கொண்டே இருக்கும், அதுவும் பாதி நேரம் ஃபேன் காற்று இல்லாமல். 2019-லிருந்து இன்றுவரை உங்கள் வீட்டில் அது எத்தனை மணி நேரம் ஓடியிருக்கும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். அதிலுள்ள கெப்பாசிட்டர் என்பது உள்ளே ஈரம் வைத்த ஒரு சின்ன டப்பா, சூட்டில் அந்த ஈரம் காயும், சூடு 10 டிகிரி ஏறினால் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும் என்பது எங்கள் தொழிலில் வைத்துக்கொள்கிற கணக்கு. காய்ந்த கெப்பாசிட்டருக்கு இன்னொரு குணம் உண்டு. சூடாக இருக்கும்போது ஒருமாதிரி வேலை செய்யும், ஆறிப்போனால் முரண்டு பிடிக்கும். அதனால்தான் கேட்கிறேன்: ஸ்லீப்பில் போட்டு ஐந்து நிமிடத்தில் எழுப்பினால் எழுகிறதா? இரண்டு மணி நேரம் கழித்து எழுப்பினால்? ஹைபர்னேட் போட்டு காலையில் ஆன் செய்தால்? ஹைபர்னேட்டில் எல்லாம் டிஸ்க்குக்குப் போய்விடும், ராமுக்குக் கரண்டே வேண்டாம், ஆகவே என் சந்தேகம் சரியென்றால் அது ஒரு நாளும் தவறக் கூடாது. இப்போது மார்கழிக் குளிர், காலையில் ஷட்டவுனிலிருந்து போடும்போதுகூட எப்போதாவது இரண்டு தடவை அமுக்க வேண்டி வருகிறதா? இது ஒவ்வொன்றையும் பார்த்துவிட்டு எழுதுங்கள். அப்புறம், ராத்திரியில் சிபியுவில் என்னென்ன செருகியிருக்கிறது என்பதையும், ஒன்று விடாமல்.

கருங்கல்பாளையத்தான் (புதன், இரவு 8.40)

ஸ்லீப்பில் இருக்கும்போது மவுஸ் அடியில் சிவப்பு லைட் மங்குகிறதா என்று பார்த்தால் தெரிந்துவிடுமே அண்ணா?

கணபதி சர்க்யூட் (புதன், இரவு 8.52)

மவுஸை நம்ப முடியாது தம்பி. ஸ்லீப்பில் மவுஸே தன் லைட்டைக் குறைத்துக்கொள்ளும், நல்ல சிஸ்டத்திலும் மங்கும். மீட்டர் வைத்துப் பார்ப்பதுதான் ஒழுங்கு.

அனுப்பர்பாளையம் பஞ்சிங் (வெள்ளி, பகல் 2.05)

கணபதி அண்ணா, கேட்டதையெல்லாம் பார்த்தேனுங்க. நேற்று எங்கள் ஏரியாவில் மாதாந்திர ஷட்டவுன், ஒன்பது மணிக்குப் போன கரண்ட் மூன்று மணிக்குத்தான் வந்தது, அதனால் ஒரு நாள் தாமதம். (ஷட்டவுன் என்று சொன்னால் எங்கள் மாமியாருக்கு ஈபி ஷட்டவுன்தான், "கம்ப்யூட்டருக்குமா ஷட்டவுன் உடறாங்க" என்று கேட்கிறார்.)

ஐந்து நிமிடத்தில் எழுப்பினால் எழுகிறது, ஆறு தடவை பார்த்தேன். அரை மணி நேரத்திலும் எழுகிறது. மதியம் சாப்பிட்டுத் தூங்கி இரண்டு மணி நேரம் கழித்து எழுப்பினேன், எழுந்தது, ஆனால் திரை வர ரொம்ப நேரம் எடுத்தது. ரீஸ்டார்ட் எத்தனை தடவை செய்தாலும் பிரச்சினை இல்லை. ஹைபர்னேட் மெனுவிலேயே இல்லை, பவர் பட்டன் செட்டிங்கில் போய் டிக் போட்ட பிறகு வந்தது, கரண்ட் போன நேரம் உட்பட மூன்று தடவை பார்த்தேன், மூன்றிலும் சரியாக வந்தது. உபுண்டு பென்டிரைவ் என் தம்பி போட்டுக் கொடுத்தான், புதன் ராத்திரி அதில் ஸ்லீப் போட்டேன், வியாழன் காலையில் அதே கருப்புத் திரை. அப்போ விண்டோஸ் இல்லை, சரி. இரண்டு ஃபார்மேட் காசு போனதுதான் மிச்சம்.

காலையில் இரண்டு தடவை அமுக்குவது: ஆமாங்க, போன வாரம் இரண்டு நாள் அப்படி ஆனது, பட்டன்தான் தேய்ந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

ராத்திரி செருகியிருப்பவை: கீபோர்டு, மவுஸ், பஞ்சிங் சாஃப்ட்வேர் டாங்கிள், பிரிண்டர். அப்புறம் இதை எழுதலாமா என்று தெரியவில்லை, பையன் பிளஸ் டூ படிக்கிறான், ராத்திரி பத்து மணிக்கு மேல் போன் அவன் கையில் இருக்கக் கூடாது என்று வாங்கி வைத்துவிடுவேன். டியூஷன் இருக்கிற நாளில் போனை எடுத்துக்கொண்டு போவான், சார்ஜ் சுத்தமாகத் தீர்ந்துதான் திரும்பி வரும், அதை சிபியு முன்பக்க போர்ட்டில் சொருகி என் மேஜையிலேயே வைத்திருப்பேன். என் கண் முன்னால் இருந்தால்தான் எனக்குத் தூக்கம் வரும். டியூஷன் திங்கள், புதன், வெள்ளி. தேர்வு வந்தால் சனியும் உண்டு.

எழுதும்போதுதான் எனக்கே உறைக்கிறது. வாரத்தில் மூன்று நாள், சில வாரம் நான்கு நாள்.

பெருந்துறை சிஸ்டம் (வெள்ளி, பகல் 2.20)

அடேங்கப்பா. இதை எந்த ஈவென்ட் வியூவரும் சொல்லியிருக்காது.

கணபதி சர்க்யூட் (வெள்ளி, இரவு 9.30)

பையனைத் திட்டிவிடாதீர்கள் அம்மிணி, போன் குற்றவாளி இல்லை. சாதாரண யுஎஸ்பி போர்ட்டில் போன் அரை ஆம்பியர் இழுக்கும், சில போர்டில் அதற்கு மேலும் விடுவார்கள். எஸ்எம்பிஎஸ் பக்கவாட்டில் ஒட்டியிருக்கும் அட்டவணையைப் பாருங்கள், 5 விஎஸ்பி (அந்த 5 வோல்ட் ஸ்டாண்ட்பைதான்) என்று ஒரு கட்டம் இருக்கும், 2 அல்லது 2.5 அல்லது 3 ஆம்பியர் என்று போட்டிருக்கும். 2 ஆம்பியர் கொடுக்க வேண்டியது அரை ஆம்பியர் கூடுதலுக்கே படுத்துவிடுகிறது என்றால் அது கிழடாகிவிட்டது என்று அர்த்தம். போன் இல்லாத நாளில் சமாளிக்கிறது, போன் சேர்ந்தால் முடியவில்லை, அவ்வளவுதான். இன்னும் ஆறு மாதம் விட்டால் போன் இல்லாமலே விழும்.

இருந்தாலும் அனுமானத்தில் காசு செலவழிக்க வேண்டாம், அளந்து பாருங்கள். மல்டிமீட்டர் பக்கத்துத் தறிக் குடோன் எலெக்ட்ரீஷியனிடம் இருக்கும். டிசி 20 வோல்ட்டில் வையுங்கள். சிபியு மூடியைக் கழற்றினால் போர்டில் 24 ஓட்டையுள்ள பெரிய கனெக்டர் தெரியும், அதைக் கழற்ற வேண்டாம், அதன் முதுகுப் பக்கம் வயர் நுழைகிற ஓட்டை வழியாகவே முனையை விடலாம். கருப்பு முனை ஏதாவது ஒரு கருப்பு வயரில், சிவப்பு முனை ஊதா வயரில். பக்கத்து ஓட்டையோடு சேர்த்துத் தொட்டுவிடாமல் நிதானமாகச் செய்யுங்கள், கை நடுங்கினால் எலெக்ட்ரீஷியனையே செய்யச் சொல்லுங்கள். ஸ்லீப் போட்டதும் ஒரு அளவு, ஒன்றரை மணி நேரம் கழித்து ஒரு அளவு, போனுடன் ஒரு நாள், போன் இல்லாமல் ஒரு நாள். 4.75-க்கும் 5.25-க்கும் நடுவில் இருந்தால் சரி. மீட்டர் சராசரியைத்தான் காட்டும், மேலும் கீழும் துடிப்பதைக் காட்டாது. ஆகவே மீட்டர் 4.7 என்றால் உள்ளே நடுநடுவே அதற்கும் கீழே விழுகிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

எஸ்எம்பிஎஸ் டப்பாவை மட்டும் யார் சொன்னாலும் திறக்காதீர்கள். 230 வோல்ட் உள்ளே போய் டிசியாகி 325 வோல்ட் ஒரு பெரிய கெப்பாசிட்டரில் நிற்கும், வயரைப் பிடுங்கிய பிறகும் சிலதில் கொஞ்ச நேரம் நிற்கும். நான் ஒருமுறை வாங்கியிருக்கிறேன், ஸ்க்ரூடிரைவர் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம்.

சோமனூர் தறி (சனி, காலை 7.45)

தனித் திரி போடவில்லைங்க, பதில் மட்டும் சொல்லிவிட்டுப் போகிறேன். சாட்டா வயர்தான். பழைய வயரில் அந்தக் கொக்கி இல்லை, வெறுமனே செருகி நின்றது. கம்ப்யூட்டர் மேஜை தறி ஓடுகிற சுவரை ஒட்டி இருக்கிறது, எட்டுத் தறி ஓடினால் மேஜையில் வைத்த டம்ளர் தானாக நகரும், வயர் நகராமல் என்ன செய்யும். கொக்கி வைத்த வயர் வாங்கிப் போட்டேன், மூன்று நாளாக எஸ்எஸ்டி காணாமல் போகவில்லை. நன்றி.

அனுப்பர்பாளையம் பஞ்சிங் (திங்கள், இரவு 10.50)

அளந்தாச்சுங்க. எலெக்ட்ரீஷியன் அண்ணன் வந்து முனையை வைத்துக் கொடுத்தார், நான் நம்பரை எழுதிக்கொண்டேன்.

ஞாயிறு, போன் இல்லாமல்: ஸ்லீப் போட்டதும் 5.04. ஒன்றரை மணி நேரம் கழித்து 4.86. எழுப்பினால் எழுந்தது.

இன்று போனுடன்: போட்டதும் 4.92. முக்கால் மணி நேரத்தில் 4.68. ஒன்றரை மணி நேரத்தில் 4.4-ஐச் சுற்றி நிற்காமல் ஆடிக்கொண்டிருந்தது, 4.38, 4.45, 4.41 என்று. ஸ்பேஸ் பாரைத் தட்டினேன், கருப்புத் திரை. மீட்டரை அப்படியே வைத்தபடி போனைப் பிடுங்கினேன், 4.7-க்கு ஏறியது, ஆனாலும் சிஸ்டம் வரவில்லை, சுவர் சுவிட்சை அணைத்த பிறகுதான் வந்தது. அது ஏனுங்க அண்ணா? போன் போனதும் சரியாக வேண்டாமா?

கணபதி சர்க்யூட் (திங்கள், இரவு 11.15)

போர்டுக்குள்ளும் ஸ்டாண்ட்பை கரண்டில் ஓடுகிற ஒரு பகுதி உண்டு, எப்போது ஆன் ஆவது, எப்போது எழுவது என்பதையெல்லாம் அதுதான் பார்த்துக்கொள்ளும். வோல்டேஜ் அரையும் குறையுமாக விழுந்தபோது அது குழம்பிப்போய் நின்றுவிட்டது. பவர் பட்டனை அமுக்கிப் பிடித்தால் பெரிய சப்ளை அணையும், ஸ்டாண்ட்பை அணையாது, ஆகவே குழப்பமும் தீராது. சுவர் சுவிட்சை அணைத்து, மிச்சமிருக்கும் கரண்ட் வடிந்தால்தான் அது மறந்துவிட்டுப் புதிதாக ஆரம்பிக்கும். உங்கள் காபி நேரம் அதற்குத்தான். காபி குடிக்க நேரமில்லாத நாளில் சுவிட்சை அணைத்துவிட்டு சிபியு பவர் பட்டனை இரண்டு மூன்று தடவை அமுக்குங்கள், சீக்கிரம் வடியும்.

எஸ்எம்பிஎஸ் மாற்றுங்கள். போர்டு நல்ல போர்டு, விட்டுவிடாதீர்கள். வாட்டை மட்டும் பார்த்து வாங்க வேண்டாம், 5 விஎஸ்பி கட்டத்தில் 3 ஆம்பியர் போட்டிருப்பதாகப் பாருங்கள், பெட்டியைக் கையில் தூக்கினால் கனமும் இருக்க வேண்டும், அது எங்கள் காலத்துப் பழக்கம், இன்னும் பொய்த்ததில்லை. புதுசு வரும்வரை ஹைபர்னேட்.

அனுப்பர்பாளையம் பஞ்சிங் (திங்கள், இரவு 11.22)

ஹைபர்னேட்டே போதும் என்றால் எதற்கு எஸ்எம்பிஎஸ் என்று வீட்டுக்காரர் கேட்கிறார். ஸ்லீப்பால் கரண்ட் பில்லும் ஏறும் என்கிறார்.

பெருந்துறை சிஸ்டம் (செவ்வாய், காலை 9.10)

கரண்ட் பில் கணக்கு இது: ஸ்லீப்பில் 3 வாட் என்று வைத்துக்கொண்டால், ராத்திரி 10 மணி நேரத்துக்கு 30 வாட்-மணி, இரண்டு மாத பில்லுக்கு 60 நாள் என்றால் 1.8 யூனிட். அதைப் பற்றி அவரைக் கவலைப்பட வேண்டாம் என்று சொல்லுங்கள். ஹைபர்னேட்டில் வேறு லாபம் உண்டு, நடுராத்திரி கரண்ட் போய் யுபிஎஸ் தீர்ந்தாலும் டிசைன் பத்திரமாக இருக்கும். 16 ஜிபி ராமுக்கு எஸ்எஸ்டியில் ஆறேழு ஜிபி இடம் பிடிக்கும், 240 ஜிபியில் அது கொஞ்சம் உறுத்தும். ஆனால் எஸ்எம்பிஎஸ்ஸை மாற்றத்தான் வேண்டும், காலையில் இரண்டு தடவை அமுக்குவது ஹைபர்னேட்டால் சரியாகாது, நாளைக்கு அது மூன்று தடவை ஆகும்.

அனுப்பர்பாளையம் பஞ்சிங் (மூன்று வாரம் கழித்து, ஞாயிறு, காலை 5.35)

எழுத மறந்தே போனேன், மன்னிக்கணும். 3 ஆம்பியர் போட்ட 500 வாட் எஸ்எம்பிஎஸ் வாங்கி மாட்டியாச்சு. மாட்டிக் கொடுத்ததும் அதே எலெக்ட்ரீஷியன் அண்ணன்தான், ஒவ்வொரு கனெக்டரையும் கழற்றுவதற்கு முன்னால் போனில் போட்டோ எடுத்துக்கொண்டார். போன் சொருகி ஸ்லீப் போட்டு மூன்று மணி நேரம் கழித்து அளந்தால் 5.03, அசையவே இல்லை. இருபது நாளாக ஒரு காலைகூட கருப்புத் திரை இல்லை. இப்போதுகூட ஸ்பேஸ் பாரைத் தட்டி நாலு எண்ணுவதற்குள் நேற்று விட்ட மயில் டிசைன் அப்படியே நிற்கிறது, அதற்கு இன்னும் கழுத்துப் பக்கம் ஃபில்லிங் பாக்கி.

பையனுக்குத் தனி சார்ஜர் வாங்கிக் கொடுத்துவிட்டேன், அதையும் என் மேஜைக்குப் பக்கத்து பிளக்கில்தான் போட்டிருக்கிறேன். காலையில் காபி குடிக்கத்தான் நேரமில்லாமல் போய்விட்டது. பழைய எஸ்எம்பிஎஸ்ஸை என்ன செய்வது? எடைக்குப் போட்டால் அறுபது ரூபாய் தருகிறேன் என்கிறார் பழைய இரும்புக்காரர்.

கணபதி சர்க்யூட் (ஞாயிறு, காலை 7.20)

எடைக்குப் போடாதீர்கள் அம்மிணி, கோயம்புத்தூர்ப் பக்கம் வந்தால் எடுத்து வாருங்கள், இரண்டு கெப்பாசிட்டர் மாற்றினால் என் சர்வீஸ் மேஜையில் கரண்ட் கொடுக்கிற பெஞ்ச் சப்ளைக்கு ஆகும். நீங்களாகத் திறந்து பார்க்க வேண்டாம்.

கருங்கல்பாளையத்தான் (ஞாயிறு, காலை 9.05)

ரப்பர் போட்டுத் தேய்த்ததும் கொஞ்சம் உதவியிருக்கும் அக்கா.